கவிழ்ந்த கப்பலும் கலையாத கூட்டமும்

2012 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. இரவு ஒன்பதே முக்கால் மணி. இத்தாலியின் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து சவோனாவை நோக்கிக் கிளம்பியிருந்த ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற சொகுசுக் கப்பல், ஜில்யோ என்னும் சிறு தீவின் கரையை ஒட்டிச் செல்லப்போய்ப் பாறையில் மோதியது. கப்பலின் இடப்பக்கம் 50 மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கிழிந்தது. கப்பலில் இருந்தவர்கள் 4,229 பேர். விடிவதற்குள் 290 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பல் கரையோரத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. 32 பேர் இறந்துபோனார்கள்.

சாய்ந்த கப்பல் இரண்டரை ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. உலகின் எல்லாத் தொலைக்காட்சிகளும் அதைக் காட்டின. டைட்டானிக் மூழ்கி நூறாண்டு நிறைவடையும் ஆண்டு வேறு. இனி இந்தக் கப்பல்களில் யார் ஏறுவார்கள் என்று பலரும் கேட்டார்கள்.

ஏறினார்கள். உலக அளவில் 2011இல் சுமார் 2.05 கோடிப் பேர் சொகுசுக் கப்பல்களில் பயணம் செய்திருந்தனர். விபத்து நடந்த 2012இல் அது 2.09 கோடியானது, 2013இல் 2.13 கோடி. பெருந்தொற்றுக்கு முந்தைய 2019இல் கிட்டத்தட்ட 3 கோடி. 2024இல் 3.46 கோடி. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர்கள், விபத்து பயணிகளின் மனதைத் தொடவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முடிவு அவசரமானது.

விபத்து பயணியின் மனதை மாற்றவே செய்கிறது. ஆனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த மாற்றம் கூடுவதோ குறைவதோ இல்லை. பழி யார்மீது விழுகிறது, பயணிக்கு வேறு வழி உண்டா, அவர் முன்பே கப்பல் ஏறிப் பழகியவரா ஆகிய மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு: அந்த அச்சம் பெரும்பாலும் சில மாதங்களுக்கு மேல் தாங்குவதில்லை. தாங்கும் அந்தச் சில மாதங்களில் என்ன விதிகள் எழுதப்படுகின்றன என்பதில்தான் அடுத்து ஏறும் பயணியின் உயிர் இருக்கிறது. கடந்த நூறாண்டுக் கப்பல் விபத்துகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

எண்ணிக்கை எதை மறைக்கிறது?

சொகுசுக் கப்பல் தொழிலில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்கள் முக்கியமானவை. குளிரில் அடைந்து கிடக்கும் அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் அந்த ஆண்டின் விடுமுறைக்கு முன்பதிவு செய்யும் பருவம் அது. கான்கார்டியா சாய்ந்தது அந்தப் பருவத்தின் தொடக்கத்தில். கோஸ்டாவின் தாய் நிறுவனமான கார்னிவல் குழுமத்தின் பங்கு விலை, விபத்துக்குப் பிறகு அமெரிக்கச் சந்தை திறந்த முதல் நாளிலேயே 13 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அடுத்த இரு வாரங்களில், கோஸ்டாவைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பார்த்தாலும்கூட, குழுமத்தின் மற்றக் கப்பல்களுக்கான முன்பதிவு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்திருந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. விபத்து நடந்தது ஒரு கப்பலில். அச்சம் பரவியதோ, வேறு பெயரில், வேறு கடலில் ஓடிய கப்பல்களுக்கும்.

அப்படியிருந்தும் ஆண்டு முடிவில் பயணிகளின் எண்ணிக்கை எப்படிக் கூடியது? கப்பல் நிறுவனம் கணக்குப் போடும் முறையில் இதற்கு விடை இருக்கிறது. ஆயிரக்கணக்கான அறைகள் கொண்ட கப்பல் ஒன்று குறித்த நாளில் கிளம்பியே தீரவேண்டும். எரிபொருளும் ஊழியர் சம்பளமும் துறைமுகக் கட்டணமும், அறைகள் நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும் பெரிதாக மாறப்போவதில்லை. ஏறியவர் மதுக்கூடத்திலும் கடைகளிலும் சூதாட்ட அரங்கிலும் கரைச் சுற்றுலாவிலும் செலவழிப்பார். ஆகவே காலியான அறையை எந்த விலைக்கேனும் தள்ளிவிடுவதே லாபம். அறைக்கு இருவர் என்று வைத்துக் கணக்கிட்டால் கார்னிவல் கப்பல்கள் 2011இலும் 2012இலும் நூறு சதவீதத்துக்கு மேலேயே நிரம்பியிருந்தன. குறைந்தது கூட்டமன்று, கட்டணம்.

அந்தக் குழுமத்தின் நிகர லாபம் 2011இல் சுமார் 190 கோடி டாலர். 2012இல் 130 கோடி. 2013இல் 110 கோடிக்குச் சற்றுக் கீழே. எரிபொருள் விலை, ஐரோப்பியக் கடன் நெருக்கடி எனப் பிற காரணங்களும் இதில் கலந்திருக்கின்றன. முழுப் பழியையும் ஒரு விபத்தின்மீது போட முடியாது. என்றாலும் பயணியின் மனநிலையை அளக்க விரும்புபவர் தலைகளை எண்ணுவதைவிடக் கட்டணத்தைப் பார்ப்பதே சரி. ஒருவர் பயந்தபடியே பாதி விலைக்கு ஏறினாலும் புள்ளிவிவரத்தில் அவர் ஒரு தலைதான். முன்பு முழு விலை கொடுத்தவர் இப்போது தள்ளுபடி கேட்கிறார் என்றால், அவர் கேட்கும் தள்ளுபடியில் ஒரு பகுதி அச்சத்துக்கானது.

பழி போய்ச் சேரும் இடம்

கான்கார்டியாவில் இறந்த 32 பேரில் அதிகமானோர் ஜெர்மானியர், 12 பேர். இத்தாலியர் 7 பேர். பிரெஞ்சுக்காரர் 6 பேர். மும்பையைச் சேர்ந்த இந்தியப் பணியாளர் ஒருவரும் இறந்தார்; கடைசியாகக் கிடைத்தது அவர் உடல்தான், 2014 நவம்பரில். இறப்பு எண்ணிக்கையே அச்சத்தை உண்டாக்கும் என்றால் ஜெர்மனியில்தான் கப்பல் பயணம் அதிகம் சுருங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 2012இல் ஜெர்மானியப் பயணிகள் சுமார் பத்தில் ஒரு பங்கு அதிகரித்தனர். இத்தாலியப் பயணிகள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்தனர்.

இத்தாலி அப்போது பொருளாதார மந்தத்தில் இருந்தது, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் வேறொன்றும் உண்டு. கப்பல் இத்தாலியுடையது, நிறுவனம் இத்தாலியுடையது, கேப்டன் இத்தாலியர், பாறை இத்தாலியக் கடலில். கேப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோ பயணிகள் இறங்கி முடிப்பதற்கு முன்பே கரையேறிவிட்டதும், கடலோரக் காவல் அதிகாரி கிரெகோரியோ டி ஃபால்கோ தொலைபேசியில் அவரைக் கப்பலுக்குத் திரும்பிப் போகச் சொல்லி அதட்டியதும் இத்தாலிய வீடுகளில் மாதக்கணக்கில் ஒலித்தன. ஜெர்மானியருக்கு அது வேறொரு நாட்டுக் கேப்டன் செய்த குற்றம். அவர்கள் ஏறி வந்த கப்பல்கள் வேறு பெயர் தாங்கியவை. அந்தக் கப்பல்களில் பலவற்றின் உரிமை சுற்றி வளைத்து அதே கார்னிவல் குழுமத்திடம் இருந்தாலும், பயணி பெயர்ப்பலகையைப் பார்த்தே நம்புகிறார்.

விபத்துக்குக் காரணமாக ஒரு மனிதரைக் காட்ட முடிந்தால், மற்றக் கப்பல்கள் தப்பித்துவிடும். கேப்டன் திசை மாற்றினார், கேப்டன் தாமதித்தார், கேப்டன் ஓடினார் என்று சொல்லி முடித்துவிடலாம். 2015இல் ஸ்கெட்டினோவுக்கு 16 ஆண்டு சிறைத் தண்டனை. 2017இல் இத்தாலியின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கணக்கு தீர்ந்ததென்று பயணிகள் மனம் ஆறினார்கள். கான்கார்டியாவின் அதே வடிவமைப்பில் கட்டப்பட்ட ‘கோஸ்டா ஃபசினோசா’, விபத்து நடந்து நான்கு மாதத்துக்குள், 2012 மே மாதத்தில் சேவைக்கு வந்தது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் 2013இல் வந்தது. பிப்ரவரி 10 அன்று மெக்சிகோ வளைகுடாவில் ‘கார்னிவல் டிரையம்ஃப்’ கப்பலின் இயந்திர அறையில் எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. தீ அணைந்தது. ஒருவரும் இறக்கவில்லை. ஆனால் மின்சாரம் போனது. மின்சாரத்தோடு குளிர்சாதனமும், சமையலும், கழிவறைகளும் நின்றன. நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நான்கு நாட்களுக்கு மேல் நடுக்கடலில் தவித்தனர். வெக்கை தாங்காமல் மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்து திறந்தவெளியில் படுத்தார்கள். உணவுக்கு நீண்ட வரிசைகள். கழிவுநீர் தளங்களில் வழிந்தது, கழிவறைக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்தார்கள். இழுவைப் படகுகள் அந்தக் கப்பலை அலபாமாவின் மொபைல் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது பிப்ரவரி 14ஆம் தேதி இரவாகியிருந்தது. அமெரிக்கச் செய்திச் சேனல்கள் அதை நேரலையாக ஒளிபரப்பின.

உயிரிழப்பே இல்லாத இந்தச் சம்பவம் அமெரிக்கப் பயணியின் மனதில் கான்கார்டியாவைவிட ஆழமாகப் பதிந்தது. அடுத்த மாதங்களில் அங்கே எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளில் கார்னிவல் மீதான நம்பிக்கை கடுமையாகச் சரிந்திருந்தது. அதன் போட்டி நிறுவனங்களின் மதிப்பும் கூடவே இறங்கியது. ஏன்? இங்கே பழி சுமத்த ஸ்கெட்டினோ போன்ற ஒருவர் இல்லை. இயந்திரம் பழுதானது, மாற்று மின்சாரம் போதவில்லை. இது எந்தக் கப்பலிலும் நடக்கலாம். 2010இல் ‘கார்னிவல் ஸ்பிளெண்டர்’, 2012 பிப்ரவரியில் சீஷெல்ஸ் அருகே ‘கோஸ்டா அலெக்ரா’ என இதே போன்ற தீவிபத்துகள் முன்பே நடந்திருந்தன. தவிர, மூழ்கும் கப்பலில் தான் இருப்பதாகக் கற்பனை செய்துபார்க்க மனம் மறுக்கும். கழிவறை வேலை செய்யாத கப்பலில் குழந்தைகளோடு நான்கு நாள் இருப்பதை யாராலும் கற்பனை செய்ய முடியும்.

நிறுவனமும் இதைப் புரிந்துகொண்டது. கப்பல்களின் அவசரகால மின்சாரத்துக்கும் தீத்தடுப்புக்கும் 30 கோடி டாலர் செலவிடப்போவதாக 2013 ஏப்ரலில் கார்னிவல் அறிவித்தது. அடுத்த மாதம் கப்பல் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் பயணிகளுக்கான உரிமைப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பயணம் பிடிக்கவில்லையென்றால் கட்டணத்துக்கு மேல் பத்து சதவீதம் சேர்த்துத் திருப்பித் தருவதாகவும் கார்னிவல் வாக்களித்தது. யாரும் இறக்காத விபத்துக்குப் பிறகு வந்தவை இவை. மரணத்தைவிடக் கைவிடப்படுவதே விடுமுறைப் பயணியை அதிகம் மிரட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏறியவரும் ஏறாதவரும்

விபத்துச் செய்தி எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. பலமுறை கப்பலில் போய்வந்தவருக்கு, அமைதியாகக் கழிந்த பல வாரங்கள் நினைவில் உண்டு. சாய்ந்து கிடக்கும் கப்பலின் படம் அந்த நினைவுகளுக்கு நடுவே ஒன்றாகச் சேரும். கப்பலில் காலே வைக்காதவருக்கோ, கப்பல் பயணம் என்றதும் மனதில் எழும் முதல் படமே அதுதான். எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனித மனம் எடுத்துக்கொள்கிறது என்று ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973இல் எழுதினார்கள். 2013இன் அமெரிக்கக் கணிப்புகளிலும் கப்பல் ஏறாதவர்களிடமே தயக்கம் கூடுதலாக இருந்தது.

கப்பல் நிறுவனங்களுக்கு இது பெரிய ஆறுதல். அவற்றின் பயணிகளில் கணிசமானோர் திரும்பத் திரும்ப வருபவர்கள். ஒரே பயணத்தில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டவர்கள், ஆண்டுதோறும் அதே அறையைக் கேட்டு வாங்குபவர்கள். இவர்கள் விபத்துக்குப் பிறகும் வருவார்கள், தள்ளுபடி கிடைத்தால் முன்கூட்டியே வருவார்கள். புதியவர்களின் தயக்கத்தால் விழும் ஓட்டையை இவர்கள் அடைக்கிறார்கள். மொத்த எண்ணிக்கை குறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உளவியலாளர் பால் ஸ்லோவிக், ஆபத்துகளை மக்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று 1987இல் விளக்கினார். ஒரே நேரத்தில் பலரைக் கொல்லக்கூடியதும், தன் கட்டுப்பாட்டில் இல்லாததும், பழக்கமில்லாததும் அதிகம் அஞ்சப்படும். கப்பல் விபத்து முதலிரண்டுக்கும் பொருந்தும். ஆனால் விரும்பிச் செல்லும் பயணம் என்பதால் அச்சம் ஓரளவு தணிகிறது.

அச்சத்தைப் பின்பற்றுவது எப்போதும் பாதுகாப்பைத் தந்துவிடுவதுமில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் போனார்கள். அடுத்த ஓராண்டில் இதனால் சாலையில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்று ஜெர்மன் ஆய்வாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். கப்பலுக்குப் பயந்து காரில் நெடுந்தூரம் விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பம் ஆபத்தைக் குறைத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது.

வேறு வழி உண்டா?

1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் மூழ்கி ஏறக்குறைய 1,500 பேர் இறந்தார்கள். ஆனால் 1912 ஜூனோடு முடிந்த நிதியாண்டில் 8.38 லட்சமாக இருந்த அமெரிக்கக் குடியேறிகளின் எண்ணிக்கை, அடுத்த ஆண்டில் 11.98 லட்சமாக உயர்ந்தது. அவர்களில் மிகப்பெரும்பாலோர் அட்லாண்டிக்கைக் கப்பலில்தான் கடந்தார்கள். வறுமையிலிருந்து தப்பப் பார்த்த இத்தாலிய, போலந்துக் குடும்பத்துக்கு வேறு வழி இல்லை. அங்கே அச்சம் இருந்ததா என்று கேட்பதிலேயே பொருளில்லை. தேர்வு இல்லாத இடத்தில் அச்சத்தைப் பயண எண்ணிக்கை காட்டாது.

வெளிப்படையாக அஞ்சியவர்கள் வேறொரு கூட்டத்தினர். டைட்டானிக் மூழ்கி ஒன்பதாம் நாள், அதன் உடன்பிறப்புக் கப்பலான ‘ஒலிம்பிக்’ சவுதாம்ப்டனிலிருந்து கிளம்பவேண்டியிருந்தது. அவசர அவசரமாக மடிப்புப் படகுகளை ஏற்றியிருந்தார்கள். அவற்றில் சில உளுத்துப்போனவை என்று கண்ட கொதிகலன் தொழிலாளர்கள் 250க்கும் மேற்பட்டோர் வேலை செய்ய மறுத்து இறங்கிவிட்டனர். அந்தப் பயணமே ரத்தானது. கலகம் செய்ததாகச் சிலர்மீது வழக்கும் நடந்தது, ஆனால் தண்டனை தரப்படவில்லை. பயணிகளின் உணர்வைப் பற்றி எழுதுபவர்கள், அடித்தளத்தில் நிலக்கரி அள்ளிய இந்த மனிதர்களை மறந்துவிடுகிறார்கள். விபத்தின் பொருளைச் சரியாகப் படித்தவர்கள் அவர்கள்தான்: எங்களுக்குப் படகு கொடு, பிறகு கப்பலை ஓட்டு.

1987 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஸீப்ரூகே துறைமுகத்திலிருந்து முன்கதவைத் திறந்தபடியே கிளம்பிய ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ என்ற பயணிகள் படகு கவிழ்ந்து 193 பேர் மாண்டனர். அந்தப் படகு நிறுவனத்தின் பெயர் அதே ஆண்டில் மாற்றப்பட்டது. ஆங்கிலேயக் கால்வாயைக் கடப்பவர்கள் புதுப்பெயர் எழுதிய கப்பல்களில் தொடர்ந்து போனார்கள். அந்தக் கூட்டத்தைப் பிற்பாடு பிரித்துக்கொண்டது 1994இல் திறந்த சுரங்க ரயில். மாற்றுவழி வந்ததும் கூட்டம் நகர்ந்தது.

தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் ‘எம்.வி. சிதம்பரம்’. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு கரைகளிலும் உறவுகளைக் கொண்ட குடும்பங்களைச் சுமந்த கப்பல் அது. 1980களின் நடுப்பகுதியில் அதில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் உயிரிழந்தனர். அத்தோடு அந்தச் சேவையே முடிந்துபோனது. விமானம் ஏற்கெனவே பயணிகளை இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. தீ அந்தத் தடத்தை முடித்துவைத்தது. விமானம் இல்லாதிருந்தால் புதுக் கப்பல் வந்திருக்கும்.

தென்கொரியாவின் கதை தனியானது. 2014 ஏப்ரல் 16 அன்று ‘செவோல்’ மூழ்கி 304 பேர் இறந்தார்கள். அவர்களில் 250 பேர் ஜெஜு தீவுக்குச் சுற்றுலா கிளம்பிய ஒரே பள்ளியின் மாணவர்கள். இருந்த இடத்திலேயே இருக்கும்படி அறிவிப்பு சொன்னது, பிள்ளைகள் சொல்பேச்சுக் கேட்டு இருந்தார்கள். நாடு முழுவதும் பள்ளிச் சுற்றுலாக்கள் நிறுத்தப்பட்டன. திருவிழாக்களையும் விருந்துகளையும் மக்களே கைவிட்டதில் நாட்டின் நுகர்வே சரிந்தது. இஞ்சியோனிலிருந்து ஜெஜுவுக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது 2021 டிசம்பரில்தான்.

செவோலின் கேப்டனும் பயணிகளை விட்டுவிட்டு ஓடியவர், அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனாலும் கொரியர்கள் பழியை அவரோடு நிறுத்திவிடவில்லை. கப்பலை மாற்றிக் கட்ட அனுமதித்தவர் யார், அளவுக்கு மீறிச் சரக்கேற்றியதைப் பார்க்காமல் விட்டவர் யார், மீட்புக்கு வந்தவர்கள் ஏன் உள்ளே போகவில்லை என்று பெற்றோர் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று கேட்டார்கள். ஒரு மனிதரின் தலையில் கட்டி முடிக்க மறுத்த சமூகம் அது. அதனால்தான் அங்கே அச்சம் நீண்டகாலம் நின்றது.

நோயும் மறந்தது

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ தனிமைப்படுத்தப்பட்டது. அதில் இருந்த 3,711 பேரில் 700க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா தொற்றியது. பயணிகள் தத்தம் அறைக்குள் அடைந்திருந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட இந்தியர்கள் உள்ளிட்ட ஊழியர்கள் உணவைச் சுமந்துகொண்டு கதவுகதவாகப் போனார்கள். பாறையும் தீயும் ஒரு கப்பலோடு நின்றுவிடும். இங்கே மூடிய கப்பல் என்ற அமைப்பே ஆபத்து என்றாகிவிட்டது. மார்ச் மாதம் உலகின் சொகுசுக் கப்பல்கள் எல்லாம் நின்றுபோயின.

இதிலிருந்தும் கூட்டம் மீண்டது. 2023இல் 3.17 கோடிப் பேர் ஏறினார்கள், 2019ஐவிட அதிகம். இடைப்பட்ட காலத்தில் மூடிய கப்பல் நிறுவனங்களை வீழ்த்தியது வருமானமே இல்லாத மாதங்கள். பயணிகள் திரும்பிவரத் தயாராகவே இருந்தார்கள். இவ்வளவு பெரிய அதிர்ச்சியே மூன்றாண்டில் கரைந்துபோனது என்றால், விபத்தின் அச்சம் கப்பல் நிறுவனங்களைத் திருத்தும் என்று நம்பிக் காத்திருப்பது வீண்.

அச்சம் ஆறும், விதி நிற்கும்

கான்கார்டியாவின் அந்த வெள்ளிக்கிழமை மாலைக்கு ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். சிவிட்டாவெக்கியாவில் புதிதாக ஏறியவர்கள் சுமார் 700 பேர். எந்தத் தளத்தில் கூடவேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டவேண்டும், எந்தப் படகு தங்களுக்குரியது என்ற பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. மறுநாள் மாலை தருவதாகத் திட்டம். கப்பல் நிறுவனம் இதில் விதியை மீறவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி தந்தால் போதும் என்றுதான் அப்போதைய சர்வதேச விதி சொன்னது. ஏறிய சில மணி நேரத்திலேயே பாறை வந்துவிட்டது. மோதியதும் விளக்குகள் அணைந்தன; மின்கோளாறுதான் என்றும், அறைகளுக்குத் திரும்புங்கள் என்றும் பயணிகளுக்குச் சொல்லப்பட்டது. ஒரு பயணியின் குடும்பத்தார் கரையிலிருந்து காவல்துறைக்குத் தகவல் கொடுத்த பின்புதான் கடலோரக் காவல்படை கப்பலைத் தொடர்புகொண்டு விசாரித்தது. கப்பலைக் கைவிடும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டதால் பல படகுகளை இறக்கவே முடியவில்லை.

நான்கு வாரத்துக்குள், 2012 பிப்ரவரியில், துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் பயிற்சி தரப்படும் என்று கப்பல் நிறுவனங்கள் தாங்களாகவே அறிவித்தன. 2015 ஜனவரி 1 முதல் அது சர்வதேசக் கடற்பாதுகாப்பு ஒப்பந்தத்தில் விதியானது. இன்று ஆண்டுதோறும் மூன்று கோடிப் பேர் கிளம்பும் முன் அந்தப் பயிற்சியைப் பெறுகிறார்கள். கான்கார்டியாவை நினைத்து அஞ்சுபவர் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்? அச்சம் போய்விட்டது, அது எழுதிவைத்த விதி நிற்கிறது.

கடற்பாதுகாப்பின் வரலாறு முழுவதுமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. டைட்டானிக்கில் இருந்தவர்கள் சுமார் 2,200 பேர், படகுகளில் இடம் 1,178 பேருக்கு. அன்றைய சட்டப்படி அதுவே தேவைக்கு மேல். அந்தக் கோபத்தின் சூடு ஆறுவதற்குள், 1914இல் முதல் கடற்பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது. ஹெரால்டின் திறந்த கதவு, கப்பலை நிர்வகிக்கும் கரை அலுவலகத்தையும் பொறுப்பாக்கும் நிர்வாக விதித்தொகுப்புக்கு வழிவகுத்தது. 1994இல் பால்டிக் கடலில் மூழ்கி 852 பேரைப் பலிகொண்ட ‘எஸ்டோனியா’, வாகனத் தளத்தில் நீர் புகுந்தாலும் கப்பல் நிற்கும்படி கட்டவேண்டும் என்ற 1996ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்பாட்டைத் தந்தது. ஒவ்வொன்றும் மக்கள் இன்னும் மறக்காதிருந்த மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ பெறப்பட்டது. அந்த நேரம் தவறியிருந்தால் செலவுக் கணக்கைக் காட்டி மறுத்திருப்பார்கள்.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்று உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அளவுக்கு மீறிய கூட்டம், படகின் வடிவமைப்பு, கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒருபக்கம் சேர்ந்தது என்று காரணங்கள் பேசப்பட்டன. இன்றும் தேக்கடிப் படகுகளுக்குச் சீட்டுக் கிடைப்பது அரிது. அச்சம் எங்கும் காணோம். ஆனால் உயிர்காப்பு அங்கியைக் கட்டாமல் அங்கே உட்கார முடியாது. வெயிலுக்குக் கழற்றினால் ஊழியர் வந்து மறுபடி கட்டச் சொல்வார். முகம் சுளித்தபடியே கட்டிக்கொள்கிறோம். அந்த 45 பேரின் நினைவை நம்மில் பலர் இழந்துவிட்டோம், அவர்கள் பெற்றுத்தந்த பாதுகாப்பை மட்டும் தோளில் மாட்டியிருக்கிறோம்.

பயணி மறக்கலாம்

விபத்துக்குப் பிறகும் கப்பல் ஏறுபவரைப் பார்த்து, இவருக்கு இரக்கமில்லை, புத்தியில்லை என்று சொல்வது நியாயமில்லை. மறதி இல்லாமல் எந்த மனிதரும் பேருந்தில்கூட ஏற முடியாது. வாழ்நாள் சேமிப்பில் ஒருமுறை கடலைப் பார்க்கக் கிளம்பும் முதியவர் நூறாண்டு விபத்துகளையும் மனதில் சுமந்து ஏறவேண்டியதில்லை. ஆனால் அவர் மறக்கலாம் என்பதனாலேயே மற்றவர்கள் மறக்கக்கூடாது. கப்பல் கட்டுபவரும் நடத்துபவரும் சோதிப்பவரும் உரிமம் தருபவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும், அந்த நினைவு எழுத்தில் இருக்க வேண்டும், மீறினால் தண்டனை இருக்க வேண்டும்.

நிரம்பிய கப்பல்களைக் காட்டி, மக்கள் எங்களை நம்புகிறார்கள் என்று ஒரு நிறுவனம் சொன்னால் அதை அப்படியே ஏற்கக்கூடாது. கூட்டம் திரும்பியதற்குத் தள்ளுபடியும் பழக்கமும் மறதியும் காரணமாக இருக்கலாம். விபத்துக்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்வி, பயணிகள் திரும்பினார்களா என்பதன்று. எந்த விதி மாறியது, அதை யார் சோதிக்கிறார்கள், கரையில் இருந்த எந்த அதிகாரி பொறுப்பேற்றார் என்பவையே கேள்விகள். செவோல் பெற்றோர் கேட்டவை இவைதான். ஸ்கெட்டினோ சிறைக்குப் போனதோடு ஐரோப்பா கேட்காமல் விட்டவையும் இவற்றில் உண்டு.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியது. அதுவரை கப்பல் ஏறியே அறியாத குடும்பங்கள் பிள்ளைகளோடு கடலுக்குப் போயின. அப்படிப்பட்ட புதியவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அனுபவம் கிடையாது. கப்பலில் சொல்வதை நம்புவதைத் தவிர வழியும் கிடையாது. போகும் முன் பயப்படவேண்டாம். பெட்டியை அறையில் வைத்ததும் அவசரகாலப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். நீச்சல்குளத்துக்கோ சாப்பாட்டுக்கோ போகாமல் முதலில் அங்கே போங்கள். கூடும் இடம் எது, படகு எது என்று பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள். கூப்பிடாவிட்டால் ஏன் கூப்பிடவில்லை என்று உரக்கக் கேளுங்கள். ஜில்யோ கரையில் 700 பேருக்குக் கிடைக்காமல்போன அரைமணி நேரம் அது. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.